அசல் இல்லாத கசினோ சிப்பை அசல் இல்லை என்று சொல்லியே விற்பது எப்படி

பத்தாங் காலியில் ரொட்டி டின் இல்லாத வீடு கிடையாது. உள்ளே சட்டைப் பொத்தான், பழைய சில்லறை, தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை எல்லாம் கிடக்கும். அதோடு பல வீடுகளில் நாலைந்து கசினோ சிப்பும், அதாவது சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லையும் கிடக்கும். காரணம் எளிது. கசினோ இருக்கும் கெந்திங் மலைக்கு உலு யாம் வழியாக ஏறும் பாதை நம் ஊர்ப் பக்கம்தான். தோட்டத்தில் பால் வெட்டு குறைந்து செம்பனை வந்த காலத்தில், மேலே வேலைக்குப் போனவர்கள் நிறைய. சமையலறை, துப்புரவு, வேன் ஓட்டுவது என்று ஏதோ ஒன்று. வரும்போது பையில் ஒன்றிரண்டு வட்ட வில்லைகளும் வந்திருக்கும்.

போன ஆண்டு எங்கள் வரிசையில் இருக்கும் பெரியம்மா ஒருவர் அப்படி ஒரு டின்னோடு வந்தார். "ஐயா, அவரு வேன் ஓட்டுனப்ப சேத்து வச்சது. வெளிநாட்டுல இதுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி குடுக்கறாங்களாம், பேரன் போன்ல காட்டுனான்." எண்ணிப் பார்த்தேன், 41 சிப். டின்னைத் திறந்ததுமே பெரும்பாலானவை அசல் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை அப்படியே தூக்கிப் போட வேண்டியதில்லை. அசல் இல்லாததையும் வாங்க ஆள் இருக்கிறது. வீட்டில் அலங்காரமாக வைக்க, குறும்படம் எடுக்கிறவர்களுக்கு, கூட்டாளிகளோடு காசு வைக்காமல் சீட்டு ஆட, புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க. என்ன பொருள் என்று சொல்லி விற்றால் போதும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அந்த டின்னை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கழுவாதீர்கள்

எல்லோரும் செய்யும் முதல் தப்பு இது. கறை படிந்திருக்கிறதே என்று சோப்புத் தண்ணீரில் போட்டால், நடுவில் ஒட்டிய தாள் ஊறிக் கழன்றுவிடும். தாள் ஒட்டியிருந்தது என்பதே முக்கியமான தடயம். பழைய சிப்புகளில் தங்க நிறத்தில் சூடாக அழுத்திப் பதித்த எழுத்து இருக்கும். தேய்த்தால் அதுவும் போகும். உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

கழுவாமல், டின்னில் இருந்த நிலையிலேயே படம் எடுங்கள். யார் கொடுத்தார், அவர் என்ன சொன்னார், எந்தத் தேதி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பெரியம்மா சொன்னது "அவரு சேத்து வச்சது" என்று மட்டும்தான். நானாக அதைக் "கெந்திங் மேசையிலிருந்து வந்தது" என்று மாற்றி எழுதிவிடக் கூடாது. கதை வளர்வது இப்படித்தான்.

தராசும் பழைய 50 சென்னும்

பெரிய கருவி எதுவும் வேண்டாம். நகை நிறுக்கும் சிறிய மின் தராசு, வெர்னியர் அளவி, பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், ஒரு காந்தம். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய வெள்ளை நிற 50 சென் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 2012ல் வந்த தங்க நிறக் காசு வேண்டாம், அதற்கு முந்தியது. அது 9.33 கிராம். உங்கள் தராசு அதையே காட்டினால் நம்பலாம்.

இந்தக் காசைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கசினோ மேசைகளில் ஓடும், களிமண் சிப் என்று பேர் வாங்கிய வகை ஏறக்குறைய இதே எடைதான். 8லிருந்து 10 கிராமுக்குள் இருக்கும், குறுக்களவு 39 மில்லிமீட்டர். பெயர்தான் களிமண், முழுக்கக் களிமண் கிடையாது; பல பொருள் கலந்த கலவையைச் சூட்டில் அழுத்திச் செய்வது. கடையில் பெட்டியோடு விற்கும் வீட்டு விளையாட்டுச் சிப்புகள் பெரும்பாலும் 11.5 கிராம், 13.5 கிராம், 14 கிராம் என்று கனமாக இருக்கும், ஏனென்றால் உள்ளே உலோகத் தகடு வைத்திருப்பார்கள். கையில் கனமாக இருந்தால் அசல் என்று நம் ஆட்கள் நினைப்பது தலைகீழ்.

பெரியம்மாவின் 41ல் 29 சிப் 11 கிராமுக்கு மேல். காந்தமும் பிடித்தது. அதற்காக உடனே முடிவு கட்ட வேண்டாம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பிளாஸ்டிக்கில் வார்த்த, கனமான சிப்புகளும் உண்மையான மேசைகளில் ஓடுகின்றன. எடை ஒரு சாட்சி, தீர்ப்பு இல்லை.

ஓரத்தைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர் எல்லோரும் சிப்பின் முகத்தையே பார்ப்பார்கள். படத்தில் அழகாகத் தெரிவது அதுதானே. போலி செய்கிறவரும் அங்கேதான் உழைத்திருப்பார். நீங்கள் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள்.

சிப்பின் விளிம்பில் வேறு நிறத்தில் பட்டைகள் இருக்கும். அழுத்திச் செய்த சிப்பில், அந்த நிறத் துண்டைத் தனியாக வெட்டி உள்ளே வைத்து, மொத்தமாகச் சூட்டில் அமுக்கியிருப்பார்கள். அதனால் நிறம் மேல் முகத்தில் தொடங்கி, விளிம்பு வழியாக, கீழ் முகம் வரை ஒரே துண்டாகப் போகும். குவே லாப்பிஸ் வெட்டிப் பார்த்திருப்பீர்கள், நிறம் உள்ளே வரை இருக்கும், அது மாதிரி. இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு லேசாக அலைபாயும். ஒரே வகையில் பத்துச் சிப்பை அடுக்கினால் பத்திலும் பட்டையின் அகலம் மயிரிழை வித்தியாசப்படும்.

வீட்டு விளையாட்டுச் சிப்பில் பட்டை அச்சு வார்த்த மாதிரி கூர்மையாக, எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருக்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு சிலவற்றில் விளிம்பைச் சுற்றி ஓடும். நகத்தால் தடவினால் தட்டும். 29லும் எனக்குத் தட்டியது.

அடுத்து, முகத்தின் வெளி வளையத்தில் பதிந்திருக்கும் சின்னம். கசினோ சிப் செய்யும் பால்சன் நிறுவனம் 1963ல் லாஸ் வேகஸில் தொடங்கியது. உயரத் தொப்பியும் கைத்தடியும் மாறி மாறிப் பதித்திருப்பது அவர்கள் அச்சு. வீட்டு விளையாட்டுச் சிப்பில் பகடைக் கட்டையும், ஆட்டின், இஸ்பேட் போன்ற சீட்டுச் சின்னங்களும் வளையமாக இருக்கும். வளையத்தில் பகடை, நடுவில் லாஸ் வேகஸ் பெயர் என்று இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு அது கற்பனைச் சிப், அதாவது அந்த விடுதி ஒருபோதும் வெளியிடாதது. தொப்பியும் தடியும் இருந்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். பால்சன் வீட்டு விளையாட்டுக்கென்றும் சில தொகுப்புகள் செய்தது. அசல் உடம்பில் பழைய தாளை உரித்துவிட்டுத் தங்கள் தாளை ஒட்டிக்கொள்ளும் பொழுதுபோக்குக்காரர்களும் இருக்கிறார்கள். உடம்பு அசல், முகம் புதிது.

அந்த நடுத் தாளுக்கும் ஒரு சோதனை. அழுத்திச் செய்த அசலில் தாள் சிப்போடு சிப்பாக உள்ளே போய்விட்டிருக்கும். நகம் அதன் விளிம்பில் சிக்காது. போலியில் வட்டப் பள்ளம் ஒன்று இருக்கும், அதில் ஸ்டிக்கர் உட்கார்ந்திருக்கும். லென்ஸில் பார்த்தால் பள்ளத்துக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவே அழுக்கு வளையமாகப் படிந்திருப்பது தெரியும். பெரியம்மா டின்னில் ஒரு ஸ்டிக்கர் கொஞ்சம் சாய்ந்தே ஒட்டியிருந்தது. எழுத்து ஆறு மணிக்கு நேராக இல்லாமல் ஏழு மணியைப் பார்த்தது.

பீங்கான் மாதிரி வழவழப்பாக, முகம் முழுக்க அச்சடித்த சிப்புகளை முதல் ஆண்டு நீங்கள் தொட வேண்டாம் என்பேன். கசினோக்களும் அந்த வகையை வாங்குகின்றன, வீட்டுக்கும் கிடைக்கிறது. உறுதியான அசல் ஒன்று பக்கத்தில் இல்லாமல் பிரிப்பது கஷ்டம்.

போலி மாதிரி தெரியும் அசல்கள்

அவசரத்தில் நல்லதையும் போலிக் குவியலில் தள்ளிவிடாதீர்கள். ரூலட் மேசைச் சிப்பில் பல சமயம் தொகை இருக்காது. நிறமும், மேசையைக் குறிக்கும் எழுத்தோ எண்ணோ மட்டும்தான். எந்த நிறத்துக்கு என்ன மதிப்பு என்று மேசையிலேயே முடிவாகும். நடுவில் ஓட்டை போட்ட சிப், கசினோவே செல்லாது என்று ஆக்கி வெளியே விட்டதாக இருக்கலாம். பணமதிப்பு இல்லை என்று அச்சடித்தது போட்டி ஆட்டத்துக்கு உண்டானதாக இருக்கலாம். இவை எல்லாம் அந்த விடுதியே செய்ததாக இருக்கக்கூடும், ஆகவே தனியாக வையுங்கள். 41ல் எனக்கு இப்படி 3 சிப் தேறியது.

பெயரும் ஆண்டும் ஒத்துப்போகிறதா

இனி எழுத்தைப் படியுங்கள். டின்னில் "சாண்ட்ஸ், லாஸ் வேகஸ்" என்று 8, "டூன்ஸ்" என்று 5. மூடிப்போன விடுதிகளின் பெயரைத்தான் கற்பனைச் சிப் செய்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். டூன்ஸ் 1955ல் திறந்து, 1993 ஜனவரியில் மூடி, அதே ஆண்டு அக்டோபரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. சாண்ட்ஸ் 1952ல் திறந்து 1996ல் மூடியது. ஸ்டார்டஸ்ட் 1958 முதல் 2006 வரை. ஒரு சிப்பில் "டூன்ஸ் 1947" என்று போட்டிருந்தால் மேற்கொண்டு லென்ஸ் வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கும் இதே கணக்கு. கெந்திங்கிற்குச் சூதாட்ட உரிமம் கிடைத்தது 1969ல், முதல் ஹோட்டல் திறந்தது 1971ல். அதற்கு முந்திய ஆண்டு போட்ட சிப் இருக்க முடியாது. இன்னொரு நல்ல பொறி, பணக் குறியீடு. ரிங்கிட் என்ற பெயர் 1975ல் அதிகாரப்பூர்வமானது. "ஆர்எம்" என்ற குறியீடு டாலர் குறிக்குப் பதிலாக வந்தது 1993ல்தான். "எழுபதுகளின் சிப்" என்று ஒருவர் நீட்டுவதில் ஆர்எம் இருந்தால், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

இந்தப் பாடம் எனக்குச் சும்மா வரவில்லை. தொடங்கிய காலத்தில் பெட்டாலிங் ஜெயாப் பக்கம் ஒரு சந்தையில் ஐந்து சாண்ட்ஸ் சிப் வாங்கி, அசல் என்று நம்பி 180 ரிங்கிட்டுக்கு விற்றேன். வாங்கியவர் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு படம் அனுப்பினார், சிப்பின் விளிம்பு மட்டும். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பினேன், கூரியர் செலவும் என் கையிலிருந்து.

எதை விற்கவே கூடாது

இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கசினோவின் சிப்பை அப்படியே பார்த்துச் செய்தது, தொகையோடு இருந்தால், நகல் என்று எழுதிக்கூட விற்காதீர்கள். அது நினைவுப்பொருள் இல்லை, கள்ளப் பணம் மாதிரி. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், போர்காட்டா விடுதியின் போக்கர் போட்டியில் ஒருவர் போலிச் சிப்புகளை நுழைத்தார். சீனாவிலிருந்து வாங்கிய சிப்பில் விடுதியின் சின்னத்தை ஒட்டியது. சந்தேகம் வந்ததும் மிச்சத்தைத் தங்கியிருந்த ஹோட்டல் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டு, கீழே கசிந்து, ஆள் மாட்டினார். போட்டி ரத்து, அவருக்குச் சிறை. நம் ஊரில் யாராவது கெந்திங் சிப் மாதிரியே நூறு வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லக்கூட உட்கார வேண்டாம்.

அப்புறம் ஓர் ஊர் விஷயம். மலைமேல் உள்ள கசினோவுக்குள் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை, 21 வயதுக்குக் கீழ் யாருக்கும் இல்லை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பக்கத்துக் கடைக்காரர், வருகிற பிள்ளைகள் எல்லோரும் கலந்துதான் இருப்பார்கள். அங்கே இதைப் பரப்பி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் இணையத்திலும் சேகரிப்பாளர் சந்திப்பிலும் மட்டும்தான் விற்கிறேன். சீட்டுக்கட்டு, மேசைத்துணி சேர்த்து ஆட்டத் தொகுப்பாகவும் விற்பதில்லை.

விளம்பரம் எழுதுவது

ஏமாற்று பெரும்பாலும் பொய்யால் நடப்பதில்லை, அரை உண்மையால் நடக்கிறது. "பழைய தோட்ட வீட்டில் கிடைத்தது." உண்மைதான். "அசலா என்று எனக்குத் தெரியாது, பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்." தராசும் லென்ஸும் வைத்து அரை மணி நேரம் பார்த்தவனுக்குத் தெரியாதா? "விண்டேஜ் ஸ்டைல்" என்பதில் ஸ்டைல் என்ற சொல்தான் தப்பிக்கும் கதவு. படத்தில் ஓர் அசலை நடுவில் வைத்துச் சுற்றிப் போலிகளை அடுக்குவார்கள். கோப்பித் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்குகிறவர்களும் உண்டு. பத்து வரி பெருமை பேசிவிட்டு, கடைசி வரியில் சிறிய எழுத்தில் ரெப்ளிகா என்று போடுவார்கள்.

உங்கள் விளம்பரத்தில் தலைப்பின் முதல் சொல்லிலேயே விஷயம் வரட்டும். தேடுகிறவர் போனில் பார்ப்பது தலைப்பின் முதல் மூன்று நான்கு சொல்தான். இங்கே வாங்குகிறவர்கள் எல்லா மொழிக்காரர்களும் என்பதால் மலாயிலும் போடுங்கள், "தீருவான்" (போலி), "புக்கான் அஸ்லி" (அசல் இல்லை) என்று. நான் போட்டது இது:

"போலி நினைவுச் சிப், புக்கான் அஸ்லி. சாண்ட்ஸ், லாஸ் வேகஸ் என்று பெயர் இருக்கிறது, அந்த விடுதி வெளியிட்டது அல்ல. பிளாஸ்டிக், உள்ளே இரும்பு, 11.6 கிராம், 39 மி.மீ. நடுவில் ஸ்டிக்கர், ஒன்றில் சாய்ந்து ஒட்டியிருக்கிறது. எங்கும் பணமாக மாற்ற முடியாது. ஒன்று 4 ரிங்கிட்."

படம் நான்கு: முன், பின், விளிம்பு, தராசின் மேல். விளிம்புப் படம் இல்லாத விளம்பரத்தை நான் வாங்குவதும் இல்லை, போடுவதும் இல்லை.

சொல்லும் சரியாக இருக்கட்டும். இருந்த சிப்பைப் பார்த்துச் செய்தது நகல். அந்த விடுதி ஒருபோதும் வெளியிடாத வடிவம் என்றால் கற்பனைச் சிப், சேகரிப்பாளர்கள் ஃபேன்டசி என்பார்கள். உடம்பு அசல், தாள் புதிது என்றால் தாள் மாற்றியது. எது என்று பிரிக்க முடியாதபோது "அசல் இல்லை" என்றால் போதும். அந்த 3 சிப் மாதிரி உண்மையிலேயே சந்தேகம் என்றால், எதைப் பார்த்தீர்கள், எது பொருந்தவில்லை என்று எழுதுங்கள். சும்மா "தெரியாது" என்பதைவிட அது வாங்குகிறவருக்கு உதவும்.

விளம்பரம் போட்ட மறுநாளே ஒரு பையன் எழுதினான். "அண்ணே, இருபது எடுத்துக்கறேன். போலின்னு இருக்கறத மட்டும் எடுத்துருங்க."

"எடுத்தா நீங்க என்னன்னு சொல்லி விப்பீங்க தம்பி?"

இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை.

அதனால்தான் பொருளிலேயே குறி போடச் சொல்கிறேன். விளம்பரம் நாளைக்கு அழிந்துவிடும், சிப் கைமாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 1973லேயே சட்டம் போட்டு, நாணயத்துக்கும் டோக்கனுக்கும் நகல் செய்தால் "காப்பி" என்று அதிலேயே பொறிக்க வேண்டும் என்றார்கள். நான் அழியாத மையில் ஸ்டிக்கரின் மேல் "நகல்" என்று சின்னதாக எழுதுகிறேன். அலங்காரத்துக்கு வாங்குகிறவர் மறு பக்கத்தைக் காட்டி வைத்துக்கொள்வார். அதைப் பிடிக்காதவர் எதற்குக் கேட்கிறார் என்று யோசியுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வியாபாரமாகச் செய்யும்போது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டமும் உங்கள் மேல் பாயும். பொருளைத் தப்பாக விவரிப்பதே குற்றம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலேயே கோரலாம். 4 ரிங்கிட் சிப்புக்கு யார் போவார் என்று கேட்காதீர்கள், 180 ரிங்கிட்டுக்கு விற்றவனிடம் கேளுங்கள்.

விலை, பொட்டலம், கணக்கு

அசலின் விலையைப் பார்த்துப் பாதி போடுவது தப்பு. போலிக்கு அசலோடு உறவே இல்லை. புதுப் பெட்டித் தொகுப்பை வாங்கினால் ஒரு சிப் என்ன விலை ஆகும் என்று வகுத்துப் பாருங்கள், அதைச் சுற்றித்தான் உங்கள் விலை. ஐந்தைந்தாகக் கட்டினால் சீக்கிரம் போகும், கூரியர் செலவும் வாங்குகிறவருக்குத் தாங்கும். ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் தாள் வைத்துச் சுற்றுங்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் விளம்பரத்தில் எழுதிய அதே வாசகம்.

பெரியம்மாவுக்கு என்ன ஆயிற்று? சந்தேகமான அந்த 3 போக, மற்ற 38 சிப்பும் அசல் இல்லை என்று நேரில் காட்டினேன். சாய்ந்த ஸ்டிக்கரை அவரே நகத்தால் தூக்கிப் பார்த்தார். "அவரையும் யாரோ ஏமாத்திருக்கான் பாரு," என்றார். நான் விற்றுத் தருகிறேன், பாதிக்குப் பாதி என்று பேசி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அடுத்தவர் பொருளை விற்கும்போது இதை மறக்காதீர்கள். மூன்று மாதத்தில் 30 போனது, 120 ரிங்கிட், அவர் பங்கு 60. சந்தேகமான மூன்றையும் விற்காமல் தனி உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மிச்ச எட்டில் சாய்ந்த ஸ்டிக்கர் சிப்பை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். டின்னும் அவருக்கே போயிற்று. இப்போது அதில் கருவாடு இருக்கிறது.